காணியுரிமையும் பெண்டிரும்

ஆன்மாவுக்கு ஆண் பெண் என்னும் பாகுபாடு இல்லை. அஃது உடம்பு பற்றி வருவதே என்பது சித்தாந்தத் துணிபு. அறுபத்துமூவருள் காரைக்காலம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் என்னும் மூவர் வைத்தெண்ணப்பட்டமை இத்துணிபுக்கு இயைந்ததே. மூவர் என்னும் தொகை மிகச் சிறிதென்பாரும் உளர். அவர் கூற்றும் தள்ளத்தக்கதன்று. கொள்கையில் உள்ள ஒப்புமை உலகியலில் எவ்வளவு நின்றது என்பதைக் காவிரிநாட்டு நிலவுரிமை கொண்டு அறியலாம்.

கண்டராதித்த சோழர் தேவியாராகிய செம்பியன் மாதேவியார் 10-ஆம் நூற்றாண்டில் திருநல்லம், தென்குரங்காடுதுறை, திருக்கோடிகா முதலிய தலங்களிற் கற்றளி எடுப்பித்தார். பெண்டிர் தம் பொருளைத் தாமே வழங்கினமைக்கு இதனைச் சான்றாகக் காட்டுதல் வழக்கம். ஆயின் அரசியார் நிலை கொண்டு ஊர்ப்பெண்டிர் நிலையை அளத்தல் பொருந்தாது.

தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டே நுணுகி நோக்கற்பாலது. முதலாம் இராசராசன் பல தளிகளினின்றும் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைக் கொணர்ந்து குடியேற்றினான். ஒவ்வொருவர்க்கும் ஒரு மனையும் ஒரு பங்கும் உரியவாயின. பங்கொன்றுக்கு ஆண்டுதோறும் நெல் 100 கலம். அவர்தம் பெயரும் முன்னிருந்த ஊரும் கல்லிற் பொறிக்கப்பெற்றன. நட்டுவஞ் செய்த ஆடவர்க்கோ பங்கு இரண்டு. பங்குடையார் இறப்பினும் வேற்றூர் போயினும் அவர்க்கு அடுத்த முறையினர் அப்பணி செய்தே அந்நெல்லைப் பெறுதல் வேண்டும். ஆதலின் அந்நெல் பணிக்கு உரியதேயன்றிப் பணி செய்யும் பெண்ணுக்கு உரியதன்று. பணியை விட்டவள் வாழ்வையும் விட்டவளாவாள். இத்தளை பிற்காலத்து ஊழிய மானியங்களிலும் தொடர்ந்தது.

புதுக்கோட்டையிற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் சென்னைச் சட்டசபையில் முயன்றதன் பயனாக, 1929-இல் நிறைவேறிய சட்டம் இத்தளையை அறுத்தது. கோயிற்பணி செய்யாவிடினும் மானிய நிலம் அப்பெண்டிர்க்கே உரித்தாயிற்று. நிலத்தை விடுவியாமல் வழக்கத்தை மட்டும் விலக்கியிருந்தால் அவர் கதி யாதாயிருக்கும்? பொட்டுக் கட்டும் வழக்கத்தை விலக்கும் சட்டம் 1947-இல் வந்தது. அதற்காக நெடுங்காலம் உழைத்தவருள் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஒருவர். அம்மரபினருள் அதனை எதிர்த்தாரும் உளர். கல்வியும் தாய்வழிச் சொத்தும் தமக்கிருந்து, குலமகளிர் பலர்க்கு அவை இல்லாமையைக் கண்ட அவர் அச்சம் வீணென்று ஒதுக்கற்பாலதன்று.

குலமகளிர்க்குப் பிறப்பால் வரும் பங்கு நெடுநாள் கழித்தே கிடைத்தது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனோடொத்த உரிமையைத் தமிழ்நாடு 1989-இல் சட்டமாக்கிற்று. ஆயின் அதற்குமுன் மணமானவர் அதனுள் அடங்கிலர். அவ்விலக்கு 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தால் நீங்கிற்று. சட்டம் இவ்வாறிருப்பினும், சகோதரர் மனம் நோகும், பிறந்தகத்து உறவு அறும் என்றஞ்சி விடுதலைப்பத்திரத்திற் கையொப்பமிடும் மகளிர் இன்றும் உளர். பட்டாவும் சிட்டாவும் ஆடவர் பெயரில் நிற்க, நாற்று நட்டுக் களை பறிப்பவள் கூட்டுறவுச் சங்கத்திற் பயிர்க்கடன் கேட்கத் தன் பெயரில் ஒரு சான்றும் இலளாகின்றாள்.