டி.பி.க்குப் போனால் எச்.ஐ.வி. டெஸ்ட் எதற்கு?



"சளி, காய்ச்சல்னுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் போய் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்களே" என்று வருத்தப்படுகிற உறுப்பினர்கள் உண்டு. இதில் வருத்தப்பட எதுவும் இல்லை. காரணத்தைத் தெரிந்துகொள்வோம்.

எச்.ஐ.வி. கிருமி உடம்பில் புகுந்ததும் வெளியே தெரியாது. சிலருக்கு எட்டு, பத்து வருடம்கூட ஆள் நல்லாத்தான் இருப்பாங்க. ஆனால் நோயை எதிர்க்கும் சி.டி.4 அணுக்கள் உள்ளே குறைந்துகொண்டே வரும். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 500க்கு மேல் இருக்க வேண்டிய இந்த அணுக்கள் 200க்குக் கீழே போனால், மற்ற நோய்கள் சுலபமாகத் தாக்கும். அதனால் பலர் வேறு நோயோடுதான் பொது மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

எந்த நோய்கள்?

* டி.பி.: நம் நாட்டில் எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது இதுதான். 1928இல் டி.பி.க்காகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியம், பிற்காலத்தில் எச்.ஐ.வி. சிகிச்சைக்கும் பெரிய மருத்துவமனை ஆனது இதனால்தான்.
* வாயிலும் தொண்டையிலும் வெள்ளை படிதல், விழுங்க முடியாமை.
* ஒரு மாதத்துக்கு மேல் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், எடை குறைதல்.
* திரும்பத் திரும்ப வரும் அக்கி. அக்கி எழுதினதோடு விட்டுவிடாமல் டாக்டரிடமும் காட்டணும்.
* விடாத தலைவலியோடு வரும் மூளைக் காய்ச்சல்.

இவை எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்கும் வரும். அறிகுறியை மட்டும் பார்த்து யாரையும் சந்தேகப்படக் கூடாது. இரத்தப் பரிசோதனைதான் உண்மையைச் சொல்லும்.

பெண்களுக்கு ஏன் தாமதம்?

லாரித் தொழில் நிறைந்த நம் நாமக்கல் மாவட்டத்தில் 1990களிலும் 2000களிலும் எச்.ஐ.வி. அதிகம் இருந்தது. கணவர் படுக்கையில் விழுந்த பிறகுதான் பல மனைவிமார்களுக்கு விஷயமே தெரிந்தது. கணவர் மூலம் தொற்று வந்த நம் மாவட்டத்துப் பெண் கௌசல்யா ஒதுங்கி இருந்துவிடவில்லை. தன்னைப் போன்ற பெண்களைச் சேர்த்து 1998இல் 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' அமைப்பைத் தொடங்கினார்.

இப்போது என்ன வசதி?

2004 ஏப்ரல் முதல் அரசு ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. 2017 முதல் சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் உடனே மருந்து தொடங்கலாம். தினமும் விடாமல் சாப்பிட்டால் முழு ஆயுளும் வாழலாம். கர்ப்பிணி மருந்து எடுத்து, பிறந்த குழந்தைக்கும் மருந்து கொடுத்தால், குழந்தைக்குத் தொற்று வருவதைப் பெரும்பாலும் தடுக்கலாம்.

அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். உங்கள் சம்மதம் கேட்டுத்தான் எடுப்பார்கள். முடிவை ரகசியமாக வைப்பார்கள். 2017ஆம் ஆண்டுச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. சந்தேகம் இருந்தால் 1097க்கு இலவசமாகப் போன் செய்யலாம்.

சேர்ந்து சாப்பிடுவதால், ஒரே பாயில் உட்காருவதால் எச்.ஐ.வி. பரவாது. எனவே இந்த மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுவோம்: பரிசோதனைக்குப் போகிற உறுப்பினருக்குத் துணையாகப் போவோம். முடிவு எதுவானாலும் வெளியே பேச மாட்டோம், குழுவை விட்டு ஒதுக்க மாட்டோம்.