கோகர்ணம்: அவசரமற்ற ஐந்து நாள்கள்

வங்கிப் பணியில் இருப்போர் அனைவரும் அறிந்த விடுப்பு ஒன்று உண்டு. அது கேட்டுப் பெறுவதன்று. தானே வந்து சேர்வது. பொறுப்பு மிகுந்த இருக்கைகளில் பணியாற்றுவோரை ஆண்டுக்கு ஒருமுறை, முன்னறிவிப்பு ஏதுமின்றி, தொடர்ச்சியாகப் பத்து வேலை நாள்களுக்குக் குறையாமல் விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கியின் 2021-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை கூறுகிறது. முறைகேடுகளைத் தடுப்பதற்கான ஏற்பாடு இது. ஆயினும், ஓய்வெடுக்கவே கற்றிராத ஒரு தலைமுறைக்கு ஓய்வைக் கட்டாயமாக்கிக் கொடுப்பதும் இதன் பயன்களுள் ஒன்று என்பது எங்கள் அனுபவம்.

எங்கள் என்பதில் இருவர் அடக்கம். ஒருவர் வங்கி அலுவலர். மற்றவர் வணிகவியல் வகுப்பில் உடன் பயின்ற நண்பர். இரும்புப் பொருள்கள் விற்கும் கடையொன்றின் உரிமையாளர். பதினேழு ஆண்டுகளில் அவர் கடையை விட்டுத் தொடர்ந்து மூன்று நாள்கள் விலகியிருந்ததில்லை. இரத்த அழுத்தம் உயர்ந்திருக்கிறது என்றும், மாத்திரை மட்டும் போதாது, சில நாள்களேனும் மனத்துக்கு ஓய்வு வேண்டும் என்றும் அவருடைய மருத்துவர் வற்புறுத்தியிருந்தார். விடுப்பும் அறிவுரையும் ஒரே வாரத்தில் வந்தமையால், மகாசிவராத்திரிக்குச் சில வாரங்களுக்கு முன்பு இருவரும் ஆளுக்கொரு முதுகுப்பையுடன் கோகர்ணத்துக்குப் புறப்பட்டோம்.

பசுவின் காது

கருநாடக மாநிலத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், கங்காவளி, அகநாசினி என்னும் இரண்டு ஆறுகள் கடலோடு கலக்கும் இடங்களுக்கு நடுவே அமைந்தது கோகர்ணம். ‘பசுவின் காது’ என்பது இப்பெயரின் பொருள். இராவணன் கயிலையிலிருந்து கொணர்ந்த ஆத்மலிங்கத்தைச் சிறுவன் வடிவில் வந்த விநாயகர் இங்கே தரையில் வைத்துவிட, அவன் எவ்வளவு முயன்றும் அதனைப் பெயர்க்க முடியவில்லை என்பது தலவரலாறு. அதனாலேயே இறைவனுக்கு மகாபலேசுவரர் என்று பெயர். தமிழருக்கு இவ்வூர் புதிதன்று. திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடிய தலம் இது. தேவாரப் பாடல் பெற்ற தலங்களுள் துளுவ நாட்டுக்கு உரியது இஃது ஒன்றே.

அடியார்களுக்கு மட்டுமே உரியதாயிருந்த இவ்வூர்க் கடற்கரைகளைக் கோவாவின் நெரிசலைத் தவிர்க்க விரும்பிய வெளிநாட்டு இளைஞர்கள் பின்னாளில் நாடி வரத் தொடங்கினர். கொங்கண் ரயில்பாதை 1998 ஜனவரி 26 அன்று முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு வருகை எளிதாயிற்று. இன்று பெங்களூரிலிருந்து வரும் கணினித் துறை இளைஞர்களே பெரும்பான்மையினர். சென்னையிலிருந்து செல்வோர் மங்களூர் வரை ஓர் இரவும் மறுநாள் முற்பகலும் பயணம் செய்து, அங்கிருந்து கொங்கண் வழி ரயிலில் கோகர்ண ரோடு நிலையத்தில் இறங்கலாம். நிலையத்திலிருந்து ஊர் ஏறத்தாழ 10 கிலோமீட்டர், ஆட்டோக்கள் கிடைக்கின்றன.

ஊரை ஒட்டிய பெரிய கடற்கரையிலிருந்து தெற்கே செல்லச் செல்லக் குட்லெ, ஓம், ஹாஃப் மூன், பாரடைஸ் என்று கடற்கரைகள் வரிசையாக அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் அடுத்ததிலிருந்து செம்புரைக்கல் குன்றுகள் பிரிக்கின்றன. ஓங்கார வடிவில் இரு வளைவுகளாக அமைந்தமையால் ஓம் கடற்கரை அப்பெயர் பெற்றது. கடைசி இரண்டுக்கும் சாலை இல்லை. குன்றின் மீது ஒற்றையடிப் பாதையில் நடந்தோ, படகிலோதான் செல்ல வேண்டும். பாதையில் விளக்குகள் இல்லாமையால் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவது நன்று.

இளைஞர் நடுவே இரு நடுத்தர வயதினர்

குட்லெக் கடற்கரைக்கு மேலேயுள்ள குன்றில் ஒரு ஹாஸ்டலில் தங்கினோம். அறைக்கு எட்டுப் பேர், அடுக்குக் கட்டில்கள். படுக்கைக்கு ஒரு விளக்கு, ஒரு திரை, ஒரு பெட்டகம். பெட்டகத்துக்குப் பூட்டு நாமே கொண்டு செல்ல வேண்டும். நண்பரின் கடையில் பூட்டுக்குப் பஞ்சமில்லை என்பதால் அவர் நான்கு கொண்டுவந்திருந்தார். இரண்டை இளைஞர்களுக்கு இரவல் கொடுத்தார். அறிமுகம் அங்கே தொடங்கியது.

முதல் நாள் நண்பர் மணிக்கொரு முறை கடைக்குத் தொலைபேசினார். இரண்டாம் நாள் குட்லெயில் அலைபேசிக்குத் தொடர்பு சரியாகக் கிடைக்கவில்லை. தொடர்பைத் தேடிப் பலமுறை குன்றேறினார். மூன்றாம் நாள் காலை நீர் தோசை உண்டு, தென்னைகளுக்கிடையே கட்டியிருந்த வலை ஊஞ்சலில் படுத்தவர், பிற்பகல் மூன்று மணிக்குத்தான் எழுந்தார். அன்று மாலை ஒரே ஒருமுறை கடையை அழைத்தார். பத்து ஆண்டுகளாக உடனிருக்கும் பணியாளர், ஒரு கட்டடத்துக்கு வேண்டிய கம்பி முழுவதையும் தாமே விலை பேசி விற்றிருந்தார். “நாம் இல்லாவிட்டால் நின்றுவிடும் என்று எண்ணியிருந்தோம், நாம்தான் அவரை நிற்க வைத்திருந்தோம் போலும்” என்றார் நண்பர். ஊருக்குத் திரும்பியதும் அப்பணியாளரின் ஊதியத்தை உயர்த்தினார்.

பொழுது எவ்வாறு சென்றது என்று கேட்பின், விரிவாகச் சொல்ல ஏதுமில்லை. வைகறையில் கோட்டி தீர்த்தக் குளக்கரையில் நடந்தோம். ஒருநாள் வேட்டி உடுத்தி, மேலாடை களைந்து மகாபலேசுவரரை வணங்கினோம். மணிமாலைகளைக் கழுத்து நிறைய அணிந்து, பூவும் காய்கறியும் விற்கும் ஹாலக்கி ஒக்கலிகப் பெண்களிடம் வெள்ளரிக்காய் வாங்கினோம். நாட்டுப்புறப் பாடகர் சுக்ரி பொம்மகவுடா, மரங்களின் தாயெனப் போற்றப்பட்ட துளசி கவுடா ஆகிய பத்மஸ்ரீ விருதாளர் இருவரும் அருகிலுள்ள அங்கோலா வட்டத்து ஹாலக்கிப் பெண்களே. சாணிகட்டா உப்பளங்களைப் பார்க்க ஒரு முற்பகல் சென்றோம். மாலைதோறும் கோகம் பழச்சாறு அருந்தியவாறு, அரபிக் கடலில் கதிரவன் மறைவதைப் பார்த்திருந்தோம்.

அமைதியாகத் தோன்றும் இடமே ஆபத்து

இக்கடற்கரைகளின் அழகை நம்பிக் கடலில் இறங்கி உயிர் துறந்தோர் உண்டு. எனவே ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் நீர் எங்கேனும் ஒரு வழியாகக் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அவ்வாறு திரும்பும் நீர் ஒரு குறுகிய வாய்க்காலாகத் திரண்டு வேகமாக உள்ளிழுக்கும். அவ்விடத்தில் அலை உடைவது குறைவு. ஆகவே இரு பக்கமும் நுரை பொங்க, நடுவே மட்டும் அமைதியாகத் தெரியும். நீந்தத் தெரியாதவர் அமைதியான அந்த இடத்தையே தேர்ந்தெடுக்கிறார்.

நாங்கள் இருந்த நான்காம் நாள் ஓம் கடற்கரையில் உயிர்காப்பாளர் சீழ்க்கை ஊதி மூன்று இளைஞரைக் கரையேற்றினார். இடுப்பளவு நீரில்தான் நின்றோம் என்று அவர்கள் வாதிட்டனர். இடுப்பளவு நீரிலும் கால் பெயர்ந்துவிடும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். இழுப்பில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் இடக்கூடாது. சோர்வே உயிரைப் பறிக்கும். மிதந்தவாறு கையை உயர்த்தி உதவி கோர வேண்டும். நீந்த இயலுமாயின் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பைக் கடந்த பின்பே கரை திரும்ப வேண்டும். மது அருந்தியபின் கடலில் இறங்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

கணக்கு

ஐந்து இரவுகளுக்கு ஆளுக்கு ஆன செலவு இது: போக்குவரத்து 2,400 ரூபாய், படுக்கை நாளுக்கு 600 வீதம் 3,000, உணவு 2,500, ஆட்டோவும் படகும் 900, பிற 700. ஆக மொத்தம் 9,500 ரூபாய். மாதம் 800 ரூபாய் வீதம் ஓராண்டுத் தொடர் வைப்பில் இட்டுவந்தால் அசல் மட்டுமே 9,600 ஆகிவிடும். எங்கள் அறையில் இருந்த ஓர் இளைஞர் இதே பயணத்துக்கு அலைபேசிச் செயலி ஒன்றில் கடன் வாங்கி வந்திருந்தார். கடற்கரையில் அமர்ந்து தவணைத் தேதியை எண்ணிக்கொண்டிருந்த அவருக்கு ஓய்வு எங்கே வாய்க்கும்? பயணத்துக்கு முன் சேமிப்பவர் ஓய்வை முழுமையாகப் பெறுகிறார். பயணத்துக்குப் பின் செலுத்துபவர் அதில் பாதியைக் கடன் கொடுத்தவரிடமே விட்டுவிடுகிறார்.

இவ்வகைப் பயணம் மேற்கொள்ளும் வாடிக்கையாளர்கள் கருத்திற்கொள்ள வேண்டியவை வேறு சிலவும் உள்ளன. கடற்கரைகளில் இணையத் தொடர்பு சீராக இராது, யு.பி.ஐ.யை மட்டும் நம்பாமல் இரண்டு நாள் செலவுக்கு ரொக்கம் வைத்திருங்கள். விடுதியில் அடையாளச் சான்று கேட்டால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் வகையிலான மறைப்பு ஆதார் நகலைக் கொடுங்கள். உங்கள் அனுமதியின்றிக் கணக்கிலிருந்து பணம் வெளியேறினால், ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திராமல் வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணுக்கும் உடனே தெரிவியுங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாத நேர்வுகளில், மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களைச் சாராது என்பது ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டு விதி. ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் சேர்ந்திருக்கிறீர்களா என்பதையும் புறப்படுமுன் சரிபாருங்கள். ரயில் பயணச்சீட்டை இணையவழி எடுக்கும்போது ஒரு ரூபாய்க்கும் குறைவான கட்டணத்தில் கிடைக்கும் பயணக் காப்பீட்டையும் விட்டுவிட வேண்டாம்.

மழைக்காலத்துத் தவணை

நாங்கள் நாள்தோறும் உணவருந்திய இடம் ஓர் அம்மையார் நடத்தும் சிறு உணவகம். அதன் பின்புறம் ஓலை வேய்ந்த ஆறு குடில்களும் அவருக்கு உண்டு. கணவர் மீனவர். அக்டோபரில் குடில்களைப் புதுப்பித்து, மே இறுதியில் பிரித்து அடுக்கிவிடுகிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அக்கரையோரம் கொட்டும் பருவமழையில் விருந்தினரும் இல்லை; கொந்தளிக்கும் கடலில் மீன்பிடிப்பும் இல்லை. குடிலுக்காக வாங்கிய கடனின் மாதத் தவணை 9,000 ரூபாய் மட்டும் மழையிலும் தவறாமல் வந்து நிற்கிறது. ஆண்டுதோறும் ஜூலையில் வளையல்களை அடகு வைத்துத் தவணை கட்டுவதாகவும், ஜனவரியில் மீட்பதாகவும் அவர் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை; இயல்பாகச் சொன்னார்.

வங்கி அலுவலரின் காதில் அது வேறுவிதமாக விழுந்தது. உழவருக்குக் கடன் கொடுக்கும்போது அறுவடையைப் பார்த்துத் தவணை வகுக்கிறோம். இவருடைய அறுவடை எட்டு மாதங்கள். அன்றிரவு உணவு மேசையிலேயே ஒரு தாளில் கணக்கிட்டோம். பன்னிரண்டு மாதங்களுக்கு 9,000 வீதம் ஆண்டுக்கு 1,08,000. அதையே எட்டு மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதம் 13,500. வட்டிக் கணக்கில் சிறு வேறுபாடு வரும்; ஆனால் அடகுக் கடைக்குச் செல்லும் வட்டி மிச்சமாகும். விருந்தினர் நிறைந்த மாதங்களில் அத்தொகையைக் கட்டமுடியுமா என்று கேட்டோம். விரல் மடக்கி எண்ணிப் பார்த்து, முடியும் என்றார். வருவாய்க் காலத்துக்கு ஏற்பத் தவணையை மாற்றித் தருமாறு, மூன்று ஆண்டு வரவுசெலவுக் குறிப்புடன் கடன் கொடுத்தவரிடம் விண்ணப்பிக்கலாம் என்றோம். கல்லூரியில் பயிலும் அவருடைய மகள் கன்னடத்தில் விண்ணப்பம் எழுதினார்.

இது அவ்வொருவருக்கு மட்டும் உரிய செய்தியன்று. நம் வாடிக்கையாளர்களுள் ஐஸ் வியாபாரம் செய்வோர், பட்டாசு விற்போர், மலைவாழிடங்களில் அறை வாடகைக்கு விடுவோர் எனப் பருவத்தை நம்பி வாழ்வோர் பலர். 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கை, வீட்டுவழித் தங்கும் விடுதிகளுக்கும் முத்ரா கடன் வழங்கப்படும் என்று அறிவித்துள்ளது. இத்தகைய கடன் கோருவோர், எந்தெந்த மாதங்களில் வருவாய் வரும், எவற்றில் வராது என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுங்கள். தவணை வகுக்கும் முன்பே பேசுங்கள். பின்னர் மாற்றுவதைவிட அது எளிது.

கோகர்ணம் செல்ல அக்டோபர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். மகாசிவராத்திரித் தேரோட்டத்தின்போது கூட்டம் மிகுதியாயிருக்கும். அமைதி நாடுவோர் அந்நாள்களைத் தவிர்க்கலாம். ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பே தொடங்கிவிடும். முதுகுப்பையில் இரண்டு வேட்டி, ஒரு கைவிளக்கு, ஒரு பூட்டு போதும். அங்கே உள்ளூர்ப் பெண்கள் நடத்தும் சிறு உணவகங்களில் உண்ணுங்கள். அவர்களுக்கு மழைக்காலம் நீண்டது.