பாறை மண்ணாவது எப்படி? மேல் மண்ணைக் காப்பது ஏன்?

மேட்டு நிலத்தில் கிணறு வெட்டும்போது மேலே ஓரிரு அடி மண், அதன் கீழே சரளை, பிறகு கையால் உதிர்க்கக்கூடிய மக்கிய பாறை, கடைசியில் கெட்டிப் பாறை என்று வரிசையாக வருவதைக் காணலாம். பெரும்பாலும் இவை வெவ்வேறு பொருள்கள் அல்ல. அடியிலுள்ள பாறையே சிதைந்து மேலே மண்ணாகியிருக்கிறது.

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கெட்டிப் பாறைப் பகுதியாகும். இப்பாறைகளில் பல சுமார் 250 கோடி ஆண்டுகள் பழமையானவை. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய இவை, மேலிருந்த பாறைகள் அரிக்கப்பட்ட பின் வெளியே தெரிகின்றன.

வெயிலிலும் குளிரிலும் பாறையில் விரிசல் விழுகிறது. வேர்கள் நுழைந்து அதை அகலமாக்குகின்றன. மழைநீர் காற்றிலிருந்தும் வேர்களிலிருந்தும் கரியமில வாயுவை ஏற்று இலேசான புளிப்புத் தன்மை அடைகிறது. இந்த நீர் பட்டுப் பெல்ஸ்பார் என்ற கனிமம் சிதைந்து களிமண்ணாகிறது. அதிலுள்ள சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் வெளிப்படுகின்றன. காக்காப்பொன்னும் சாம்பல் சத்தைத் தருகிறது. கரு நிறக் கனிமங்களிலுள்ள இரும்பு துருப்பிடிப்பதால் செம்மண் சிவக்கிறது. வெங்கச்சங்கல் எளிதில் கரையாது. அது உதிர்ந்து மணலாக நிற்கிறது.

வெளிப்பட்ட சுண்ணாம்பு, மழை குறைந்த இடங்களில் முழுவதும் கழுவப்படாமல் மண்ணுக்கு அடியில் சுக்கான் கல்லாகப் படிகிறது. இத்தகைய நிலத்தில் ஆழ உழுது சுக்கானை மேலே கொண்டுவரக் கூடாது. சுண்ணாம்பு மிகுந்தால் இரும்பும் துத்தநாகமும் பயிருக்கு எளிதில் கிட்டாது. நிலக்கடலையில் இளம் இலைகள் வெளிறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

பாறையில் சாம்பல் சத்தும் ஓரளவு மணிச்சத்தும் உண்டு. தழைச்சத்து மிகக் குறைவு. அது பெரும்பாலும் செடிகளும் நுண்ணுயிர்களும் மேல் மண்ணில் சேர்த்து வைப்பதாகும். ஆகவே மேல் மண் போனால் சத்தின் பெரும் பகுதியும் போய்விடும்.

பாறையிலிருந்து ஓர் அங்குல மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். ஆனால் சரிவான நிலத்தில் சில கனமழைகளிலேயே அதில் ஒரு பகுதி அரித்துச் செல்லப்படலாம். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மண் அரிக்கப்பட்டால் இழப்பு 5 முதல் 6 டன் வரை இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்த இழப்பை உரமிட்டு மட்டும் ஈடுசெய்ய முடியாது.

எனவே மானாவாரி விவசாயிகள் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்:

1. சரிவுக்குக் குறுக்கே உழுது, குறுக்காகவே விதைக்க வேண்டும்.

2. மழைக்கு முன்பே வரப்புகளைப் பலப்படுத்தி, உடைப்புகளை அடைக்க வேண்டும். வரப்போரம் வெட்டிவேர் நடலாம்.

3. சோளத்துடன் தட்டைப்பயறு போன்ற பயறுகளை ஊடுபயிராக விதைத்தால் மண் மூடியிருக்கும்.

4. பயிர்க் கழிவுகளை எரிக்காமல் நிலத்தில் பரப்பலாம்.

5. மணற்பாங்கான செம்மண்ணுக்கு ஏரி வண்டல் நல்லது. உப்பு உள்ளதா என்று மண் பரிசோதனை செய்த பின்னரே இட வேண்டும்.

ஏரியில் படியும் வண்டல் மேட்டு நிலங்களிலிருந்து அரித்து வரப்பட்ட மேல் மண்ணேயாகும். அதைத் திரும்ப ஏற்றிவரும் வண்டிச் செலவைவிட வரப்பைச் சீர்செய்யும் கூலி குறைவு.