விடுபடு வேகத்திலிருந்து கருந்துளை வரை

கருந்துளையைப் பள்ளி மாணவருக்கு அறிமுகப்படுத்த, மேல்நிலை வகுப்பில் வரும் விடுபடு வேகமே போதும். மேலே எறிந்த பந்தின் இயக்க ஆற்றல், ஈர்ப்பை முழுவதும் கடப்பதற்கு வேண்டிய ஆற்றலுக்குச் சமமானால் பந்து திரும்பி விழாது. கணக்கில் பந்தின் நிறை இருபுறமும் அடிபட்டுப்போகும். பூமியின் நிறையும் ஆரமும்தான் மிஞ்சும். பூமிக்கு இந்த வேகம் நொடிக்கு 11.2 கிலோமீட்டர், சூரியனுக்கு 618.

இங்கிலாந்தின் தார்ன்ஹில் ஊர்ப் பாதிரியார் ஜான் மிட்செல் 1783-இல் இந்தக் கணக்கை ஒளிக்குப் போட்டுப் பார்த்தார். அடர்த்தி மாறாமல் விட்டம் பெருகினால் விடுபடு வேகமும் அதே மடங்கு பெருகும். சூரியனைப் போல 500 மடங்கு விட்டமுள்ள விண்மீனுக்கு அது நொடிக்கு 3,09,000 கிலோமீட்டர். ஒளியின் வேகமோ ஏறத்தாழ 3,00,000. அப்படிப்பட்ட விண்மீனின் ஒளி நம்மை எட்டாது என்றார் மிட்செல். அதைச் சுற்றும் வேறு விண்மீன் இருந்தால், அதன் ஓட்டமே மறைந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் என்றும் சொன்னார். இதுதான் அவருடைய ஆழமான யோசனை.

நிறையை மாற்றாமல் ஆரத்தைச் சுருக்கினாலும் இதே நிலை வரும். சூரியனை 3 கிலோமீட்டர் ஆரத்துக்கும், பூமியை 9 மில்லிமீட்டர் ஆரத்துக்கும் நெருக்க வேண்டும். மொத்தப் பூமியும் ஒரு கோலிக்குண்டு அளவுக்குள்!

ஆசிரியர் இங்கே கட்டாயம் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பொதுச் சார்பியலிலிருந்து 1916-இல் கார்ல் ஷ்வார்ஸ்சைல்டு வெளியிட்ட தீர்விலும் இதே ஆரம்தான் வருகிறது. ஆனால் அந்தப் பொருத்தம் தற்செயலானது. பந்துக்குரிய இயக்க ஆற்றல் வாய்பாடு ஒளிக்குச் செல்லாது. மிட்செலின் ஒளி சற்றுத் தூரம் மேலேறிப் பிறகு விழும். உண்மையான கருந்துளையின் எல்லைக்குள்ளிருந்து ஒளி வெளிப்பக்கமாக ஓர் அடிகூட நகர முடியாது.

நிறையை அளக்கும் வேலைக்குப் பழைய இயக்கவியலை அச்சமின்றி நம்பலாம். பால்வெளி மண்டலத்தின் மையத்தில் எஸ்2 என்ற விண்மீன் 16 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிவருகிறது. அதன் பாதையின் அரை நெட்டச்சு ஏறத்தாழ 1,000 வானியல் அலகு. கெப்ளரின் மூன்றாம் விதிப்படி 1,000-இன் கனத்தை 16-இன் வர்க்கத்தால் வகுத்தால், அதாவது 100 கோடியை 256-ஆல் வகுத்தால், 39 லட்சம். மையத்தில் அத்தனை சூரியன்களின் நிறை ஒளிந்திருக்கிறது! கரும்பலகையில் இரண்டே வரியில் முடியும் இந்தக் கணக்கு, துல்லிய அளவீடுகள் தரும் 43 லட்சத்துக்கு வெகு அருகில் வந்துவிடுகிறது. இந்த விண்மீன்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ரைன்ஹார்ட் கென்சலும் ஆண்ட்ரியா கெஸ்ஸும் 2020-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அதே ஆண்டில் இன்னொரு முடிவும் வெளியானது. கெப்ளர் விதித்த நீள்வட்டத்தில் எஸ்2 அச்சுப் பிசகாமல் ஓடவில்லை. சுற்றுக்குச் சுற்று அதன் பாதை ஏறத்தாழ ஐந்தில் ஒரு டிகிரி திரும்புகிறது, பொதுச் சார்பியல் சொல்லும் அதே அளவுக்கு.