மரத்தடியில் ஆயிரம் சூரியன்கள்

செங்கத்தில் சாலையோரப் புளிய மரத்தடியில் உச்சிவேளையில் ஒதுங்கி நின்றிருப்பீர்கள். நிழலுக்கு இடையே தரையில் சிதறிக் கிடக்கும் ஒளிப்பொட்டுகளைக் கவனித்ததுண்டா? காசுகளைக் கொட்டி வைத்ததுபோல அவை வட்ட வட்டமாக இருக்கும். ஆனால் இலைகளுக்கு நடுவே உள்ள இடுக்குகள் வட்டமாக இல்லையே! கோணல்மாணலான இடுக்கு வழியே வந்த ஒளி வட்டமாக விழுவது எப்படி?

இது மிகப் பழைய கேள்வி. அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் நூலொன்றிலேயே இது கேட்கப்பட்டுள்ளது. 1604-இல் கெப்ளர் தமது ஒளியியல் நூலில் தெளிவான விடை தந்தார்.

ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்பதை அறிவீர்கள். சூரியன் நமக்கு ஒரு வட்டத் தட்டுபோலத் தெரிகிறது. அதன் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் வரும் கதிர்கள் சிறு இடுக்கில் ஒன்றையொன்று கடந்து, தரையில் சூரியனின் தலைகீழ்ப் பிம்பத்தை உண்டாக்குகின்றன. பாடநூலில் படித்த ஊசித்துளைக் கேமராதான் இது! இடுக்கு சிறிதாகவும் தரை தொலைவாகவும் இருந்தால் இடுக்கின் வடிவம் மறைந்து, சூரியனின் வடிவமே எஞ்சும். ஐயமா? ஓர் அட்டையில் சிறு முக்கோணத் துளையிட்டு வெயிலில் பிடியுங்கள். தரைக்கு அருகில் முக்கோணம் தெரியும். மெல்ல உயர்த்துங்கள், வட்டமாகிவிடும்.

இன்னொரு சான்றும் உண்டு. 2019 டிசம்பர் 26 காலையில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. கோவை, திண்டுக்கல், திருச்சி ஆகிய ஊர்களில் அது வளைய கிரகணம். செங்கத்தில் பகுதி கிரகணம். அத்தகைய வேளையில் மரத்தடிப் பொட்டுகள் அனைத்தும் பிறைகளாகவோ வளையங்களாகவோ மாறிவிடும். இடுக்குகள் மாறவில்லை, சூரியனின் தோற்றம்தான் மாறியது.

இப்பொட்டுகளைக் கைப்பேசியிலேயே படம் எடுக்கலாம். ஆனால் படம் ஆய்வுக்கு உதவ வேண்டுமானால் மூன்று விதிகள் தேவை. பொட்டின் அருகே அளவுகோல் ஒன்றை வையுங்கள். கேமராவைத் தரைக்கு நேர் மேலே பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் வட்டமும் நீள்வட்டமாகத் தெரியும். தேதி, நேரம், இடம் மூன்றையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். சூரியனின் தொலைவு சுமார் 15 கோடி கிலோமீட்டர். விட்டம் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர். அதாவது தொலைவு விட்டத்தைப்போல் ஏறத்தாழ 107 மடங்கு. பிம்பத்துக்கும் இதே விகிதம்தான். பொட்டின் அகலம் 5 சென்டிமீட்டரானால், ஒளி வந்த இடுக்கு கதிரின் வழியே சுமார் 5.35 மீட்டர் தொலைவில் உள்ளது. மரம் ஏறாமலே அளந்துவிட்டீர்கள்! காலையில் கதிர் சாய்வாக விழுவதால் பொட்டு நீண்டிருக்கும். நீளம் அகலத்தைப்போல் இரு மடங்கானால், சூரியன் அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் இருக்கிறது என்று பொருள்.

நேரம் குறிப்பது அவ்வளவு முக்கியமா? செங்கத்துக்கு வடக்கே, சவ்வாது மலையிலுள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தைக் கேளுங்கள். 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். இராஜமோகன் அங்கு ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்குக் கணித மேதை இராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது, எண் 4130. சிறுகோளும் விண்மீன்போல ஒளிப்புள்ளியாகவே தெரியும். ஒரே வானப் பகுதியை வெவ்வேறு நேரங்களில் எடுத்த படங்களை ஒப்பிட்டால், விண்மீன்கள் நிலையாக இருக்க, சிறுகோள் மட்டும் இடம் மாறியிருக்கும். எடுத்த நேரம் தெரியாவிட்டால் அதன் பாதையைக் கணக்கிட இயலாது.

ஓர் எச்சரிக்கை: சூரியனை வெறுங்கண்ணாலோ, கேமராவின் பார்வைத்துளை வழியாகவோ ஒருபோதும் பார்க்காதீர்கள், பார்வையே பறிபோகக்கூடும். தரையில் விழும் பிம்பத்தை மட்டும் பாருங்கள்.

2031 மே 21 அன்று கேரளத்திலும் தென் தமிழகத்திலும் மீண்டும் வளைய கிரகணம் தெரியும். அதுவரை காத்திருக்க வேண்டாம். பள்ளி மரத்தடியில் காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் நண்பகலிலும் மூன்று படங்கள் எடுத்து, நீளத்தையும் அகலத்தையும் அட்டவணைப்படுத்துங்கள். ஒரு மாதம் கழித்து அதே நேரங்களில் மீண்டும் எடுங்கள். இரண்டு அட்டவணைகளும் ஒத்திருக்கின்றனவா? இல்லையென்றால் ஏன்?