கழுத்தில் நெட்டி முறிக்கலாமா?

பேரப்பிள்ளையின் கன்னத்தை வழித்து, தன் நெற்றிப்பொட்டில் விரல்களை வைத்துப் பாட்டி நெட்டி முறிப்பதைக் காணாத தமிழ் இல்லம் உண்டோ? அந்த விரல் ஓசையால் தீங்கில்லை. ஆனால் அதே ஓசையைக் கழுத்தில் எழுப்புவது வேறு விஷயமாகும்.

ரிங்லெட் வட்டாரத்திற்குக் கழுத்து வலி புதிதன்று. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து, முதுகில் கூடையும் குனிந்த தலையுமாகச் சரிவுகளில் கொழுந்து எடுத்தவர்கள் நம் முன்னோர். இன்று காய்கறித் தோட்டத்தில் குனிந்து உழைப்போருக்கும், லாரி ஓட்டுவோருக்கும், கைத்தொலைபேசியில் மூழ்கிய இளையோருக்கும் அதே வலி. பால்குடம் சுமந்த மறுநாள் கழுத்து பிடித்துக்கொள்வதும் உண்டு. உடனே தாடையைப் பிடித்துச் சடக்கென்று திருப்பிக் கொள்கிறோம். அல்லது முடிவெட்டும் கடையில் திருப்பிவிடச் சொல்கிறோம்.

ஓசை எங்கிருந்து வருகிறது?

மூட்டுகளுக்குள் எண்ணெய் போன்ற ஒரு திரவம் உள்ளது. மூட்டு திடீரென விரியும்போது அதற்குள் வாயுக்குழி ஒன்று உருவாகிறது. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரல் மூட்டில் இதைப் படமெடுத்துக் காட்டினர். ஆகவே, ஓசை கேட்டதால் விலகிய எலும்பு சரியான இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று பொருளல்ல. தசைகள் சிறிது நேரம் தளர்வதால் சுகமாக இருக்கிறது. வலியின் காரணம் அப்படியே இருக்கிறது.

கழுத்து ஏன் வேறு?

கழுத்தில் 7 எலும்புகள் உள்ளன. அவற்றின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக இரண்டு இரத்தக்குழாய்கள் மூளையின் பின்பகுதிக்கு ஏறுகின்றன. தலையைத் திருப்பும் அசைவில் ஏறத்தாழப் பாதி, மேலுள்ள இரண்டு எலும்புகளுக்கிடையே நிகழ்கிறது. குழாய்கள் வளைந்து செல்வதும் அங்கேதான். வேகமாக முறுக்கும்போது குழாயின் உட்சுவர் கிழியலாம். அங்கே இரத்தம் உறைந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் ஏற்படும்.

2019இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 28 வயது இளைஞர் ஒருவர் வலித்த கழுத்தைத் தன் கையாலேயே அழுத்தித் திருப்பியபின் பக்கவாதத்திற்கு ஆளானார். 2024இல் கர்நாடகத்தின் பல்லாரியில் 30 வயதுக்காரர் ஒருவருக்கு முடிவெட்டும் கடையில் கழுத்தைத் திருப்பியபின் அதே கதி நேர்ந்தது. இத்தகைய நிகழ்வுகள் அரிது. ஆனால் நேர்ந்தால் இழப்பு பெரிது. சில வேளைகளில், கிழியத் தொடங்கிய குழாயே கழுத்து வலியாக வெளிப்படுகிறது; அதையும் முறுக்கினால் நிலைமை மோசமாகலாம்.

செய்யத் தக்கவை

தலையை இயல்பாகத் திருப்பும்போது தானாக எழும் ஓசைக்கு அஞ்ச வேண்டாம். கையால் அழுத்தியோ, பிறரை விட்டோ முறிக்க வேண்டாம். வெந்நீர் ஒத்தடம், மெதுவான அசைவுகள், வேலைக்கிடையே சற்று நிமிர்ந்து ஓய்வு கொள்ளுதல் ஆகியவை போதும். வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கைரோபிராக்டிக் சிகிச்சையை நாடுவோர், 2016ஆம் ஆண்டுப் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவரா என்று கேட்டறிக.

இதுவரை கண்டிராத கடும் கழுத்து வலி அல்லது தலைவலி, தலைச்சுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்குவதில் சிரமம், முகமோ கைகாலோ மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம் ஆகியவை தோன்றினால் தைலம் தடவிப் படுத்துவிடாதீர்கள். முறித்துச் சில நாட்கள் கழித்தும் இவை தோன்றலாம். உடனே 999ஐ அழையுங்கள். உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4½ மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டும். தானா ராத்தா மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப நேர்ந்தால், வளைந்து வளைந்து இறங்கும் நம் மலைப்பாதையே அந்நேரத்தில் கணிசமான பகுதியை எடுத்துக்கொள்ளும். வீட்டில் தயங்கி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அதிலிருந்து கழிகிறது.

பாட்டியின் நெட்டி விரலோடு நிற்கட்டும். கழுத்தை அதன் போக்கில் விட்டுவிடுவோம்.