மதுரைக் குவளையும் மன்னார்த் தீவுகளும்

மதுரை மாநகர் கடற்கரைப் பட்டினமன்று. யானைமலையும் பசுமலையும் காவல் நிற்க, வையைக் கரையில் பரந்து கிடக்கும் சமவெளியில் அமைந்த உள்நாட்டு நகரம் அது. அந்நகரின் சோற்றுக்கு நெல் தருவன சுற்றுப்புறத்துக் கண்மாய்கள். அதன் புகழ்பெற்ற அயிரைமீன் குழம்புக்கு மீன் தருவனவும் அந்தக் கண்மாய்களும் வாய்க்கால்களுமே. ஆகவே, மதுரையின் உணவைப் பற்றிப் பேச வந்தவன் தீவுகளைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று மாணவ நண்பர்கள் ஐயுறக்கூடும். பொருந்தும் என்று காட்டுவதற்கே இந்தப் பேச்சை எடுத்துக்கொண்டேன்.

கோடைக்காலத்து நண்பகலில் விளக்குத்தூண் பக்கம் சென்றால், ஜிகர்தண்டா விற்கும் கடைகளின் முன் மக்கள் குழுமி நிற்பதைக் காணலாம். 'ஜிகர்' என்னும் பாரசீகச் சொல்லுக்கு ஈரல், நெஞ்சம் என்று பொருள். 'தண்டா' என்பது குளிர்ச்சி. சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரிச் சர்பத்து, பனிக்கூழ் ஆகியவை அக்குவளையில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். அவற்றோடு வழவழப்பான பொருள் ஒன்றும் கலந்திருக்கும். சில கடைகளில் அது பாதாம் பிசின். அதாவது மரத்தின் கோந்து. வேறு சில கடைகளில் அது கடற்பாசி. இரண்டையும் சேர்ப்பாரும் உண்டு. மரத்தில் பிறந்ததை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, கடலில் பிறந்ததைப் பின்தொடர்ந்து செல்வோம்.

மளிகைக் கடையில் இதனைச் 'சைனா கிராஸ்' என்பார்கள். உண்மையில் இது புல்லும் அன்று. சீனாவுக்கே உரியதும் அன்று. 'அகர் அகர்' என்று மலாய் மொழியில் வழங்கும் பெயரே அறிவியல் நூல்களில் இடம்பெற்றுள்ளது. செந்நிறக் கடற்பாசி வகைகள் சிலவற்றைக் கொதிக்கவைத்து எடுக்கும் கூழே அகர். இராமநாதபுரம் கடற்கரையில் பழங்காலந்தொட்டே இதன் பயன் தெரிந்திருந்தது. அங்கே விளையும் ஒரு பாசிக்குக் 'கஞ்சிப்பாசி' என்றே பெயர். அதனைக் காய்ச்சிக் கஞ்சியாகக் குடித்த வழக்கத்தால் அமைந்த பெயர் அது. ரமலான் நோன்பு மாதத்தில் முஸ்லிம் இல்லங்களில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, ஆறவிட்டு, வில்லைகளாக நறுக்கிப் பரிமாறும் 'கடல்பாசி'யும் இந்த அகரே.

இதற்கு மதுரை வெயிலோடு ஒரு பொருத்தமும் உண்டு. அகர்க் கூழ் ஏறத்தாழ 35 முதல் 40 பாகை வெப்பத்திலேயே உறைந்துவிடும். ஒருமுறை உறைந்தபின் ஏறத்தாழ 85 பாகைக்குக் குறைந்த வெப்பத்தில் உருகாது. விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின் கூழோ நம் ஊர்க் கோடையில் இளகிவிடும். இதே பண்பு மருத்துவ உலகிலும் ஒரு மாறுதலை விளைவித்தது. 1881ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் ராபர்ட் காக் என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை ஜெலட்டினில் வளர்த்தார்கள். உடல்வெப்ப நிலையில் வைத்தால் அது உருகியது. அங்கே பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவியார் ஃபேனி ஹெஸ்ஸே, தம் சமையலறையில் இனிப்புக் கூழுக்குப் பயன்படுத்திய அகரை எடுத்துப் பார்க்கும்படி கூறினார். இன்று உங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் கிருமிகள் வளரும் தளம் அந்த அம்மையாரின் சமையலறையிலிருந்து வந்ததே.

இனி, இப்பாசி பிறக்கும் இடத்துக்குச் செல்வோம். மதுரையிலிருந்து இராமேசுவரம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். அங்கிருந்து தெற்கே தூத்துக்குடி வரை, கரையை ஒட்டியே 21 சிறு தீவுகள் ஒரு சங்கிலிபோல் அமைந்துள்ளன. மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு கூட்டங்களாக இவற்றைப் பிரிப்பர். பெயர்களே கதை சொல்லும். முயல் தீவு, வாழைத் தீவு, ஆனைப்பார் என்பன ஒருபுறம்; நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு என்று நீரின் சுவையால் பெயர் பெற்றவை மறுபுறம். பெயரிட்டவர்கள் அங்கே படகை நிறுத்தி நீர் தேடிய மீனவர்கள் என்பதை ஊகிக்க நிலநூல் வேண்டுவதில்லை.

இத்தீவுகளைச் சூழ்ந்து நிற்பவை பவளப்பாறைகள். கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் சுண்ணாம்பை உடலைச் சுற்றிப் படியவைத்துக் கட்டியவை அவை. அலையின் விசையைத் தணித்துத் தீவையும் கரையையும் காப்பவை அவையே. மீன்கள் முட்டையிடவும் குஞ்சுகள் ஒளிந்து வளரவும் இடந்தருபவையும் அவையே. சுவாமி விவேகானந்தர் 1897இல் கரையிறங்கிய குந்துகாலில் நின்று நோக்கினால் எதிரே குருசடைத் தீவு தெரியும். நான் அங்கு நின்றபோது, இத்துணைச் சிறிய மணல்திட்டா இவ்வளவு புகழ் பெற்றது என்று வியந்தேன். விலங்கியல் மாணவர்கள் பாடத்தில் படிக்கும் பாலனோகிளாசஸ் என்னும் புழுப்போன்ற உயிர் வாழ்வது இத்தீவின் கரைமணலில்தான். இதன் கரையோர உயிரினங்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927இல் ஒரு தனி நூலே வெளியிட்டது.

அகர் தரும் பாசிகளில் சிறந்ததாகிய மரிக்கொழுந்துப் பாசி, இந்தப் பவளக் கற்களைப் பற்றிக்கொண்டு வளர்வது. பாசிக்கு வேர் இல்லை. கல்லைக் கவ்வும் ஓர் அடிப்பிடி மட்டுமே உண்டு. அதை எடுப்பவர் பெரும்பாலும் பெண்கள். பாம்பனை அடுத்த சின்னப்பாலம், மண்டபம் வட்டாரத்துப் பாரதிநகர் முதலிய ஊர்களிலிருந்து விடியுமுன் படகேறி வருவார்கள். கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, கல் அறுக்காமல் இருக்க விரல்களில் துணியைச் சுற்றி, காலில் இரப்பர்ச் செருப்பை மாட்டி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி நீருக்குள் மூழ்கிப் பாசியைப் பறிப்பார்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களே இதற்கு உகந்தவை. கரையில் உலர்த்திய பாசி வணிகர் கைக்கு மாறி, அதிலே பெரும்பகுதி மதுரை வட்டாரத்து ஆலைகளுக்கு வந்து சேர்கிறது.

ஆலையில் நடப்பது என்ன? பாசியைப் பலமுறை கழுவி, ஊறவைத்து, நீரில் நெடுநேரம் கொதிக்கவைக்கிறார்கள். சாற்றை வடிகட்டி ஆறவிட்டால் கூழாக உறைகிறது. அக்கூழைக் குளிரூட்டி உறையச் செய்து, பின்பு உருகவிட்டால், நீர் அழுக்கோடு வடிந்து போக, அகர் மட்டும் நிற்கிறது. அதை வெயிலில் உலர்த்தினால் கடையில் நாம் காணும் வெண்ணிற இழை கிடைக்கிறது. இந்த முறை பதினேழாம் நூற்றாண்டில் ஜப்பானில் தற்செயலாகக் கண்டறியப்பட்டது என்பர். குளிர்காலத்து இரவில் வெளியே எறிந்த பாசிக்கூழ் பனியில் உறைந்து, பகலில் உருகி, காய்ந்து கிடந்ததாம். அங்கே பனி செய்த வேலையை இங்கே இயந்திரம் செய்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய அகர் வருவது நின்றதால், பிற நாடுகளைப் போலவே இந்தியாவும் தன் கடற்பாசியின்பால் கண் திருப்பியது. 1960களின் நடுவே நம் கடலில் வாணிக நோக்கில் பாசி எடுத்தல் தொடங்கியது. குவளையில் மிதக்கும் இழை யாவும் நம் கடலில் விளைந்தது என்று நான் கூறவில்லை. வெளிநாட்டு அகரும் சந்தைக்கு வருகிறது. ஆயினும், தீவுக்கும் மதுரைக்கும் உள்ள உறவு கற்பனையன்று என்பது விளங்கியிருக்கும்.

இவ்வுறவு நிலைக்குமா என்பதே நாம் சிந்திக்கவேண்டியது. இந்தக் கடல் பாண்டியருக்கு முத்தைத் தந்தது. கொற்கை முத்து கடல்கடந்து புகழ் பெற்றது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். அதன்பின் முத்துச்சிப்பிப் பார்கள் பழைய வளத்துக்கு மீளவில்லை. அடுத்து, மனிதன் பவளத்தின்மேல் கை வைத்தான். சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் படகு படகாகப் பாறையை வெட்டி எடுத்தார்கள். அரண் போன பின்பு அலை நேரே தீவின்மீது மோதியது. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் நீருக்குள் மறைந்துவிட்டன. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு 1986இல் ஏறத்தாழ 16 ஹெக்டேர் பரப்புடையதாயிருந்தது. 2014இல் 2 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. பின்னர் கடலடியில் செயற்கைப் பாறைகளை நிறுத்தி அதனைக் காக்கும் முயற்சி நடைபெற்றது. இவற்றோடு, 2010லும் 2016லும் கடல்நீர் மிகுதியாகச் சூடேறியதால் பவளங்கள் நிறமிழந்து வெளுத்தன, பல மாண்டன.

அரசு வாளா இருக்கவில்லை. 1986இல் இத்தீவுகளும் சுற்றியுள்ள கடலும் சேர்ந்து 560 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியப் பூங்கா ஆயின. 1989இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2001இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன. இவை வேண்டிய சட்டங்களே. ஆனால், தலைமுறை தலைமுறையாகத் தீவோரத்தில் பாசி எடுத்துப் பிழைத்த பெண்களுக்கு அந்த நீர் ஒரே நாளில் விலக்கப்பட்ட நீராயிற்று. பாறையை வெட்டியவர்கள் அவர்களல்லர். எனினும் தண்டனைக்கு அஞ்சிப் படகேறும் நிலை அவர்களுக்கும் வந்தது. அவர்கள் இதற்கு அளித்த விடை கருதத்தக்கது. சங்கமாகக் கூடி, மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது என்றும், அடிப்பிடியைப் பெயர்க்காமல் பறிப்பது என்றும் தமக்குத் தாமே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். அடிப்பிடி கல்லில் இருந்தால் பாசி மீண்டும் தழைக்கும் என்பது அவர்கள் அனுபவத்தில் அறிந்த தாவரவியல். 2015இல் அவர்களின் தலைவியாகிய சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி, தீவுகளைக் காக்கும் பணிக்காக வழங்கப்படும் அனைத்துலக சீக்காலஜி பரிசைப் பெற்றார்.

இயற்கையாக விளைவதை எடுப்பதற்குப் பதில் பாசியைப் பயிரிட்டாலென்ன என்ற வினா எழும். இதற்குப் பிலிப்பைன்ஸ் நாட்டை எடுத்துக்காட்டாகக் கூறுவர். ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தீவுகளைக் கொண்ட அந்நாட்டில், செபு, போகோல் முதலிய விசாயத் தீவுகளின் மக்கள் குசோ, லாட்டோ என்னும் பாசிகளைக் காடியும் வெங்காயமும் சேர்த்துப் பச்சடியாகவே உண்பர். 1970களில் அங்கே பாசி வேளாண்மை பெருகியது. அங்கிருந்து தோன்றிய காப்பாபைகஸ் என்னும் பாசி, ஜப்பான் வழியாக 1984இல் இந்தியாவுக்கு வந்தது. 2000க்குப் பின் மண்டபம் பகுதியில் மூங்கில் தெப்பங்களில் கட்டி அதனை வாணிகத்துக்காக வளர்க்கலானார்கள். அதன் சாறு பனிக்கூழையும் பாற்பானங்களையும் கெட்டியாக நிறுத்தப் பயன்படுவது. பல குடும்பங்களுக்கு அது வருவாய் தந்தது உண்மை. ஆனால், 2008இல் மதுரையைச் சேர்ந்த தாவரவியல் ஆய்வாளர்கள், குருசடைத் தீவின் பவளங்கள்மீது அப்பாசி போர்வைபோல் படர்ந்து அவற்றை மூச்சுத்திணற வைப்பதை எடுத்துக்காட்டினர். பிறந்த கடலில் நற்பயிராக இருப்பது புகுந்த கடலில் களையாகலாம். ஆகவே, எதை வளர்ப்பது என்பதோடு எவ்விடத்தில் வளர்ப்பது என்பதையும் ஆராய்ந்தே செய்யவேண்டும்.

மாணவ நண்பர்களே! வையை ஆறு வருசநாட்டு மலையில் பிறந்து, மதுரையைக் கடந்து, தன் நீரில் பெரும்பகுதியைக் கண்மாய்களுக்கே பகிர்ந்தளித்துவிடுகிறது. கடலைச் சேர்வது சிறிதே. கடலோ தன் விளைவை மதுரைவரை அனுப்பிக்கொண்டிருக்கிறது. முத்து போனபோது அணிகலன் ஒன்றைத்தான் இழந்தோம் என்று ஆறுதல் கொள்ளலாம். பவளமும் பாசியும் போனால் கரையும் மீனும் அவற்றை நம்பிய குடும்பங்களின் உலையும் சேர்ந்து போகும். பாடநூலில் மன்னார் வளைகுடாத் தீவுகள் 21 என்று படிக்கும்போது, நீருக்கு மேல் நிற்பவை 19 என்பதையும் ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பின் வருபவர் அந்த எண்ணைத் திருத்தவேண்டிய தேவை எழாதிருக்கட்டும்.